மன்னார்த் தீவும் இரத்ததானமும்

மன்னார்த் தீவைப் பெருநிலத்துடன் இணைப்பவை ஒரு பாலமும் அதனை அடுத்த தாம்போதியுமே. தோட்டவெளியிலோ பேசாலையிலோ தலைமன்னாரிலோ வாழும் ஒரு தாய்க்குப் பிரசவத்தின்போது கட்டுக்கடங்காத குருதிப்பெருக்கு ஏற்படுமாயின், மருத்துவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகவும் சொற்பமானது. மன்னார் பொது வைத்தியசாலையின் இரத்த வங்கியில் போதிய குருதி இல்லையெனின், வவுனியாவிலிருந்து அதனை ஏறத்தாழ 80 கிலோமீற்றர் கடந்து கொண்டுவரவேண்டும். யாழ்ப்பாணம் அதனினும் தொலைவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வடக்கின் பல வீதிகளை மூடியபோது, இந்தத் தூரத்தின் பொருள் எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

விபத்தோ பிரசவமோ நேர்ந்த பின்னர் உறவினர்கள் இரத்தம் கொடுப்போரைத் தேடி ஓடுவது நம்மிடையே பழகிப்போன காட்சி. அந்தப் பரிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், பெறப்படும் குருதி உடனே நோயாளிக்கு ஏற்றப்படுவதில்லை. எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி மற்றும் சி, மேகநோய் முதலியவை உள்ளனவா எனப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அது பயன்படுத்தத் தகுந்ததாகும். அதற்கு நேரம் தேவை. ஆகவே, இன்று ஓர் உயிரைக் காப்பது சில நாட்களுக்கு முன்னர் எவரோ ஒருவர் ஆலய மண்டபத்திலோ பாடசாலையிலோ அமர்ந்து கொடுத்த குருதிதான்.

இவ்விடயத்தில் இலங்கை பெருமைப்பட இடமுண்டு. கைம்மாறு கருதாத தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே தேவையான குருதி முழுவதையும் பெறும் நிலையை 2014 ஆம் ஆண்டளவில் நமது தேசிய குருதி மாற்றுச் சேவை எட்டியது. அவ்வாண்டின் உலக இரத்ததானத் தினத்தை நடத்தும் பொறுப்பும் இலங்கைக்கே வழங்கப்பட்டது. பெறப்படும் குருதியில் பெரும்பகுதி ஊர்களில் நடைபெறும் நடமாடும் முகாம்களிலேயே சேர்கிறது.

ஆனால், இம்முகாம்கள் நடத்தப்படும் முறைபற்றி ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது. ஜூன் 14 இலும் பெருவிழாக்களிலும் கூட்டம் நிரம்பி வழிகிறது; இடைப்பட்ட மாதங்களில் எவரும் அப்பக்கம் திரும்புவதில்லை. செங்குருதிக் கலங்களை 35 முதல் 42 நாட்கள்வரையே குளிரூட்டியில் வைத்திருக்கலாம். டெங்கு நோயாளருக்குச் சிலவேளை தேவைப்படும் குருதிச் சிறுதட்டுகளின் ஆயுளோ ஏறத்தாழ ஐந்து நாட்களே. ஒரே நாளில் இருநூறு பேரைத் திரட்டிப் பதாகையின் முன் படம் எடுத்துக்கொள்வதைக் காட்டிலும், ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு மாதத்தை வகுத்துக்கொண்டு ஐம்பது பேரை அழைத்துவருவது வைத்தியசாலைக்குக் கூடிய பயனைத் தரும். 1544 இல் கொல்லப்பட்ட வேதசாட்சிகளின் நினைவோடு பிணைந்த தோட்டவெளி போன்றதோர் ஊருக்கு, இரத்தம் சிந்துவதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை. அவ்வூர் இதில் முன்னின்றால் அயற்கிராமங்களும் பின்தொடரும்.

கொடுப்பவருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு மிகைப்படுத்தாமல் பதில் சொல்வதே முறை. இரத்ததானம் மாரடைப்பைத் தடுக்கும் என்ற பேச்சு பரவலாக உண்டு. அது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டதன்று. உறுதியாகக் கிடைப்பது, இரத்த அழுத்தமும் ஈமோகுளோபின் அளவும் பார்க்கப்படும் ஒரு சோதனை. வைத்தியரை நாடாமலே நாற்பது வயதைத் தாண்டும் ஆண்கள் நிறைந்த நமது சமூகத்தில் இது சிறிய விடயமல்ல. பெறப்படும் ஏறத்தாழ 450 மில்லிலீற்றரில் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் ஈடுசெய்யப்படுகிறது. கலங்களுக்குச் சில வாரங்களும், இழந்த இரும்புச்சத்துக்கு அதனினும் கூடிய காலமும் தேவை. நான்கு மாத இடைவெளி வலியுறுத்தப்படுவது இதனாலேயே. உடல் பலவீனமாகிவிடும் என்ற அச்சத்துக்கு ஆரோக்கியமானவரிடத்தில் இடமில்லை.

பதினெட்டு வயது நிறைந்த, அறுபதைத் தாண்டாத, நோயற்ற எவரும் அடையாள அட்டையுடன் வரலாம். மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று திரும்பியோர் அதனை மறைக்காது சொல்லவேண்டும். குறிப்பிட்ட காலம்வரை அவர்கள் காத்திருக்க நேரிடும். 2016 இல் இலங்கை மலேரியாவற்ற நாடாக அறிவிக்கப்பட்டாலும், அதே ஆண்டின் இறுதியில் மன்னாரிலேயே அந்நோயைப் பரப்பவல்ல புதிய நுளம்பினம் ஒன்று கண்டறியப்பட்டது என்பதால், இங்கு இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

கடற்றொழிலாளர் இரத்தம் கொடுத்த அன்று படகேறுவதும் வலை இழுப்பதும் சுழியோடுவதும் கூடாது. எனவே முகாமை ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையின் பின்னர் வைப்பது ஏற்பாட்டாளருக்கும் எளிது, தொழிலுக்குச் செல்வோருக்கும் இழப்பில்லை.