வீட்டுக்கு என்ன கலர்? புடவையைக் கேளுங்க

வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஷேட் கார்டைப் புரட்டுறதுக்கு முன்னாடி முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க. 1996-ல் திறந்த அருங்காட்சியகம். தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்காங்க. செட்டிநாட்டு வீட்டுல மரத்தூண்தான் அழகே. சாமான் நிறைய வேண்டியதில்லைன்னு புரியும்.

கலருக்குக் காஞ்சிபுரம் கோர்வைப் புடவையைப் பாருங்க. உடல் ஒரு நிறம், கரை எதிர் நிறம். உடல் அகலம், கரை குறுகல். அதே கணக்குதான்: சுவர் உடல், திரைச்சீலையும் குஷனும் கரை.

வாடகை வீடா? சுவரைத் தொட முடியாதா? கரையை மட்டும் மாத்துங்க. பீரோவில் மடிச்சு வெச்ச பழைய கைத்தறிப் புடவையே திரைச்சீலை ஆயிடும்.

மாமல்லபுரம் பக்கம் உப்புக்காத்து, இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். நாற்காலியை மரத்துலயோ பிரம்புலயோ வாங்குங்க.