பஞ்சாங்கமும் பொழுதுக் கணக்கும்

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளை உடைமையின் பஞ்சாங்கம் அப்பெயர் பெற்றது. கதிரவன் உதயத்தில் வாரம், அதாவது கிழமை, தொடங்கும். கதிரவனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி, அதிற்பாதி கரணம். வான்வட்டத்தில் 27இல் ஒரு பங்கைச் சந்திரன் கடக்கும் காலம் நட்சத்திரம். இருசுடர்களின் நிலைகளைக் கூட்டிப் பெறுவது யோகம். சந்திரனின் வேகம் ஒரு சீராக இல்லாமையால் திதி 24 மணிக்குக் குறைந்தும் மிகுந்தும் வரும்.

உதயம் முதல் மறு உதயம் வரை 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு திதிக்கு நேரே 15 நாழிகை என்றிருப்பின், உதயத்திற்குப்பின் 6 மணி நேரம் வரை அது நிற்கும் என்பது பொருள்.

இராகு காலமும் இவ்வாறே உதயத்தைப் பற்றியது. பகற்பொழுதை எட்டாகப் பகுத்துத் திங்கட்கு 2, சனிக்கு 3, வெள்ளிக்கு 4, புதனுக்கு 5, வியாழனுக்கு 6, செவ்வாய்க்கு 7, ஞாயிற்றுக்கு 8ஆம் கூறு இராகு காலம் என்பர். நாட்காட்டிகள் 6 மணி உதயத்தைப் பொதுவாகக் கொண்டு திங்கட்கு 7.30 என அச்சிடுகின்றன. ஆயின் இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு உரியது. கடலூரும் சிதம்பரமும் 80 பாகைக்குச் சற்று மேற்கே உள்ளன. பாகைக்கு 4 நிமிடமாக, இங்குள்ள இயற்கை நேரம் ஏறத்தாழ 11 நிமிடம் பின்தங்கும். சனவரி இறுதியில் சிதம்பரத்தில் உதயம் 6.30க்குப் பின்னரே நிகழ்வதால், கணக்கின்படி திங்கட்கிழமை இராகு காலம் 8 மணியளவில்தான் தொடங்கும். கதிரவன் நிலையால் அறுதியிடப்படும் தொழுகை நேரத்திற்கும் இடவேறுபாடு உண்டு. சென்னை அட்டவணை கடலூர்க்கு முற்றும் பொருந்தாமை இதனாலேயே.

விழா நாள்களும் இக்கணக்கின் வழியே அமைவன. தில்லைக் கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு திருமுழுக்கு. சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை ஆகிய மூன்றும் நட்சத்திரத்தாலும், ஆவணி, புரட்டாசி, மாசித் திங்கள்களின் சதுர்த்தசி மூன்றும் திதியாலும் வருவன. மாசிமகத்தன்று திருமுட்டம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அவ்வூர் இசுலாமியரும் வரவேற்பளிப்பர். ஒரு விண்மீன் நாளை இரு சமயத்தாரும் எதிர்நோக்கியிருத்தல் நம் மாவட்டத்தின் சிறப்பாகும்.

இக்கணக்கின் பழைய முறை வாக்கியம் எனப்படும். கடலூரை அடுத்த புதுச்சேரியில், சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளாலேயே தமிழர் ஒருவர் சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் 1825இல் வெளிவந்த 'காலசங்கலித' நூலில் பதிவு செய்துள்ளார். இக்கால வானியல் அளவைகளைத் தழுவியது திருக்கணிதம். இவ்விரண்டிற்கும் இடையே திதி முடிவு சில மணி நேரம் வேறுபடுவதும் உண்டு.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வறிவு இன்றியமையாதது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்சியாண்டோடு திங்கள், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியனவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவை யாவும் ஒருங்கே பொருந்தும் நாள் அரிதாகவே வருமாதலின், அதனைக் கணித்து மன்னரின் காலத்தை உறுதிப்படுத்தலாம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட 'இந்தியன் எபிமெரிஸ்' இப்பணிக்குப் பெருந்துணை புரிந்தது. பஞ்சாங்கம் நல்ல நேரம் பார்ப்பதற்கு மட்டும் உரியதெனக் கருதி அதனைப் படிக்கும் முறையையே மறந்துவிடின், நம் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல் ஒன்றை இழந்தவராவோம்.