கணினி உறைதலும் காரணம் காணலும்

கம்போங் குவாந்தான் என்றவுடன் நினைவிற்கு வருவன மின்மினிகள். கோல சிலாங்கூரை அடுத்த அச்சிற்றூரில், சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில், எண்ணிறந்த மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைகின்றன. அவற்றை ஆட்டிவைக்கும் தலைவன் எவனும் இல்லை. ஒவ்வொன்றும் தன் அயலின் தாளத்தைக் கண்டு அதனோடு ஒத்துப்போகிறது.

வீட்டு மேசைமேல் இருக்கும் கணினியின் உள்ளேயும் இத்தகைய தாளம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே தாளம் போடுவது ஒரு சிறு படிகம். அதன் துடிப்பைப் பெருக்கிக்கொண்டு, இக்காலச் செயலி நொடிக்கு முந்நூறு கோடி முறைக்கு மேலும் துடிக்கிறது. செயலி கேட்க, நினைவகம் விடை சொல்ல, வட்டு ஏட்டை எடுத்துக் கொடுக்க, வேலை நடக்கிறது. இவற்றுள் ஒன்று விடை தராமலோ தவறான விடை தந்தோ நின்றால், அதனை நம்பி நிற்கும் மற்றவையும் நின்றுவிடும். திரை அப்படியே இருக்கும், சுட்டி அசையாது, எவ்விசையைத் தட்டினும் பயன் இராது. இதனையே கணினி உறைந்தது என்கிறோம். பேச்சு வழக்கில் 'ஹேங்' ஆகிவிட்டது என்பர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தபின், இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் என்பது ஆசிரியர் வீட்டிலும் மாணவர் வீட்டிலும் பழகிய சொல்லாயிற்று. தோட்டப்புறத்து வீட்டில் கணினி என்பது பன்முறை எண்ணிப் பார்த்து வாங்கிய பொருள். அது காரணம் தெரியாமல் நின்றுபோனால், "பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று ஒருவர் சொல்வார். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதியுங்கள்" என்று மற்றொருவர் சொல்வார். முதல் அறிவுரையால் பணம் போகும். இரண்டாவதால் பல்லாண்டு சேர்த்த பாடக் குறிப்புகள் போகும். இரண்டுமே நோயை அறியாமல் கொடுக்கும் மருந்துகள். இன்ன நோய் எனத் தெளிந்து, அது வந்த வழியை அறிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்பது திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் காட்டும் ஒழுங்கு. கணினிக்கும் அதுவே பொருந்தும்.

முதற்கண் செய்யவேண்டியது பழுது பார்த்தல் அன்று, காத்தல். கணினி ஓடும் நேரத்திலேயே தேவையான கோப்புகளை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். வட்டே நோயுற்றிருப்பின், நாம் செய்யும் சோதனையே அதற்கு இறுதி மூச்சாகிவிடக் கூடும்.

அடுத்தது, நின்றது எது எனப் பிரித்தறிதல். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் வேறு திரை வருகிறதா? வந்தால் நின்றது ஒரு மென்பொருள் மட்டுமே, அதனை மூடிவிடலாம். வரவில்லையெனில், விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கு தட்டத்தட்ட மாறுகிறதா எனப் பார்க்க வேண்டும். அதுவும் மாறாவிடில் இயக்குதளமோ பொறியோ நின்றுவிட்டது என்று கொள்ளலாம். உடனே மின்விசையை நிறுத்தாமல் சில நிமிடம் பொறுத்தல் நன்று. வட்டு தடுமாறித் தடுமாறி ஏட்டைத் தேடிக்கொண்டிருக்கவும் கூடும்.

மூன்றாவது, குறிப்பெடுத்தல். நாள், மணி, அப்போது செய்த வேலை, வெயிலா மழையா, மின்விசிறி ஓடியதா என ஒரு பழைய பயிற்றேட்டில் எழுதி வைத்தால் போதும். 'காரணமின்றி நிற்கிறது' என்பது பெரும்பாலும் 'கணக்கு வைக்கவில்லை' என்பதன் மறுபெயர். விண்டோஸ் 95, 98 இயக்குதளங்களில் இருந்த ஒரு பிழை இதற்கு நல்ல சான்று. இடைவிடாது ஓடிய கணினி 49.7 நாளில் நின்றுபோகும். காரணம் எளிய கணக்கே. ஆயிரத்தில் ஒரு நொடியை அலகாகக் கொண்டு எண்ணிய எண்ணி, 32 இரும இலக்கங்கள் கொள்ளும் 429,49,67,296 என்ற எல்லையை அன்றுதான் எட்டும். நாள்கணக்கு எழுதியவருக்கே அப்பிழை புலப்படும். மற்றவருக்கு அது விதி.

இனி ஓர் எடுத்துக்காட்டு. கம்போங் குவாந்தானை அடுத்த செம்பனைத் தோட்டத்தில், தகரக் கூரை வேய்ந்த ஆசிரியர் வீடு ஒன்று என வைத்துக்கொள்வோம். தேர்வுத்தாள் தட்டச்சிடும்போது கணினி இரண்டு நாளைக்கு ஒருமுறை நிற்கிறது. பத்து நாள் குறிப்பைப் புரட்டினால், நின்றவை ஐந்தும் பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே. மழை பெய்த பிற்பகல்களில் ஒன்றும் இல்லை. ஆதலின் ஐயம் வெப்பத்தின்மேல் செல்வது முறையே. மின்செருகியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், செயலியின் வெப்பத்தகட்டை மூடிக் கம்பளம்போல் தூசு. விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் தூசு நீக்கப்படுகிறது. அதன்பின் நான்கு நாள் தொல்லை இல்லை. நோய் தீர்ந்ததா?

இங்கேதான் பலரும் தவறுகின்றனர். இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் நோய் நான்கு நாள் வாராதிருப்பது தற்செயலாகவும் நிகழும். ஒழுங்கின்றி நிகழும் ஒன்று, தன் சராசரி இடைவெளியைப்போல் மும்மடங்கு காலம் தற்செயலாகவே நிகழாதிருக்க நூற்றுக்கு ஏறத்தாழ 5 வாய்ப்பு உண்டு. இருமடங்கு காலத்திற்கோ ஏறத்தாழ 14 வாய்ப்பு உண்டு. ஆகவே குறைந்தது மும்மடங்கு, அதாவது ஆறு நாள், காத்திருந்த பின்னரே தீர்ந்தது எனக் கூறலாம். நம் எடுத்துக்காட்டில், ஐந்தாம் நாள் இரவு, குளிர்ந்த வேளையில், கணினி மீண்டும் நிற்கிறது. வெப்பம் நோயை மிகுவித்ததேயன்றி நோயின் வேர் அன்று என்பது இப்போது தெளிவாகிறது.

அடுத்த ஐயம் நினைவகம். விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி ஒன்று உண்டு. மெம்டெஸ்ட்86 என்பது இன்னும் நுணுகிச் சோதிப்பது. இரவு முழுதும் ஓடவிடலாம். பிழை ஒன்று தோன்றினும் அது பொருட்படுத்தத்தக்கதே. இரண்டு நினைவகத் துண்டுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி மற்றதைத் தனியே சோதித்தல் வேண்டும். பின் மாற்றிச் சோதித்தல் வேண்டும். பழுதான துண்டு இவ்வாறு தானே வெளிப்படும். புதுக் கணினி வேண்டும் என்று எண்ணிய இடத்தில் ஒரு துண்டு நினைவகத்தோடு செலவு முடிகிறது. அதனை மாற்றிய பின்னும் காத்திருப்பு விதி உண்டு என்பதை மறத்தலாகாது.

வேறு வீடுகளில் காரணம் வேறாக இருக்கும். வட்டின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே கணினி நின்றால் வட்டை ஐயுறுக. வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதனைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள. விண்டோஸின் நிகழ்ச்சிப் பதிவேட்டிலும் வட்டுப் பிழைகள் பதிவாகும். அப்பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' எனக் காணின் அஞ்ச வேண்டா. கணினி முறையாக மூடப்படாமல் நின்று மீண்டும் தொடங்கியது என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

மின்சாரமும் ஐயத்திற்கு உரியது. வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. இடிமின்னல் மிகுந்த இந்நாட்டில் அதன் ஆயுள் குறைவது வியப்பன்று. தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் தலை உப்பியிருக்கின்றனவா எனக் கண்ணாலேயே காணலாம். 2000ஆம் ஆண்டையொட்டிய ஆண்டுகளில் குறையுள்ள மின்தேக்கிகள் உலகெங்கும் கணினிகளைப் பாழாக்கின. இதனால் பழுதான ஆப்டிபிளெக்ஸ் கணினிகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறத்தல் கூடாது. மின்சாரம் நிறுத்திய பின்னும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் அதனுள் தங்கியிருக்கும். ஐயமெனில் முழுப்பெட்டியையே மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

புதிய மென்பொருளோ இயக்கியோ பதிந்த நாள்முதல் தொல்லை தொடங்கியிருப்பின், அதனை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பிப் பார்க்கலாம். பாதுகாப்பு முறையில் தொடங்கும்போது கணினி நிற்பதே இல்லையெனில், குறை பொறியில் அன்று, மென்பொருளில் எனக் கொள்ள இடமுண்டு. செயலியே பழுதாதல் அரிது, ஆயினும் இல்லாததன்று. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நலிந்து நிலைதடுமாறுவதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் நலிவுறாமல் காக்கும், நலிந்ததை மீட்காது. எனினும், மற்ற ஐயங்களைக் களைந்த பின்னரே இவ்வையத்திற்கு வரவேண்டும்.

எந்த வழியிற் சென்றாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. தூசு துடைத்து, நினைவகம் மாற்றி, இயக்குதளமும் புதிதாகப் பதிந்து, அனைத்தையும் ஒரே நாளில் முடித்தவருக்குக் கணினி நலமானாலும் காரணம் தெரியாது. அடுத்த முறை நிற்கும்போது அவர் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியவர். குறிப்பெழுதி, ஒன்றை மாற்றி, மும்மடங்கு பொறுத்திருந்தவருக்கோ கணினியும் மிஞ்சும், அறிவும் மிஞ்சும்.

வகுப்பில் திடுமென வாய்மூடி நிற்கும் மாணவனைச் சோம்பேறி என ஒரே சொல்லில் தள்ளாது, எந்நாளில் எப்பாடத்தில் நின்றான் எனக் குறித்துப் பார்க்கும் ஆசிரியர்க்கு இம்முறை புதிதன்று. காரணமின்றி நிகழ்வது என்று முடிவு கட்டிய இடத்தில் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. கணினி உறைவதினும் அதுவே பெரிய உறைவு.