பட்டா இல்லாத நிலம்



தம்போயில் சிறு மனை வாங்கிய தோட்டத் தொழிலாளி ஒருவர், இரண்டு தாள்களை என்னிடம் நீட்டி, "வாத்தியாரையா, ஒரே நிலத்துக்கு ஏன் ரெண்டு வரி?" என்று கேட்டார். ஒன்று நிலவரி, அது மாநில நில அலுவலகத்துக்குச் சேருவது. மற்றொன்று மதிப்பீட்டு வரி, அது நகராண்மைக்கு. நகராண்மை போட்ட மதிப்பு அதிகம் என்று தோன்றினால், குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க 1976ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. நிலவரியைக் கட்டாமல் விட்டாலோ, அரசு நோட்டீசு கொடுத்து நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்றேன்.

"பட்டாவும் ரசீதும் இல்லாதவங்க என்னய்யா செய்வாங்க?" என்றார். நல்ல கேள்வி. அதற்கான வழக்கு நம் ஜொகூரிலேயே நடந்தது.

கோத்தா திங்கிப் பக்கம் லிங்கியு காட்டில் ஜாகூன் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். வேட்டையும் காட்டுப் பொருள்களும் பழமரங்களும் அவர்கள் பிழைப்பு. அங்கே அணை கட்ட மாநில அரசு அந்தக் காட்டை எடுத்துக்கொண்டது. ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் தண்ணீர் எடுப்பதற்கு அந்த அணை துணை. வெளியேறியவர்களுக்கு மரங்களுக்குத்தான் விலை கிடைத்தது; மண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1954ஆம் ஆண்டுப் பூர்வகுடி மக்கள் சட்டப்படி அதுவே போதும் என்பது அரசுத் தரப்பு.

அடோங் பின் குவாவும் அவரைச் சேர்ந்தவர்களுமாக 52 பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சிடின் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். காகிதம் இல்லாவிட்டாலும், முன்னோர் வழியில் அந்தக் காட்டை நம்பி வாழும் உரிமை சட்டத்தின் கண்ணில் உரிமையே. அரசியல் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, போதிய நஷ்டஈடு இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றார். எதை இழந்தார்கள் என்று அவர் கணக்கிட்ட விதத்தைக் கேளுங்கள்: முன்னோர் பூமி, விருப்பப்படி குடியிருந்து நடமாடும் சுதந்திரம், காட்டின் விளைபொருள், தம் குடும்பத்தின் வருங்காலப் பிழைப்பு, பிறக்கப்போகும் சந்ததியின் பிழைப்பு. மொத்தம் 2 கோடியே 65 லட்சம் வெள்ளி. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இத்தீர்ப்பை உறுதி செய்தது.

நிலம் முழுவதும் அவர்களுடைய சொந்தச் சொத்து என்று அன்று நீதிமன்றம் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்படின்னா, மூணு தலைமுறையா நாங்க இருக்கிற லயத்து வீடு?" என்றார் அவர். இந்தத் தீர்ப்பு அதற்குப் பொருந்தாது. இது பூர்வகுடி மக்களின் உரிமை பற்றியது. லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. நிலம் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கிறது.