மறுபடியும் அதே ஊர் – 9: புரூஜில் ஆள் நடமாட்டம்

புரூஜ் நகரத்தை எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதை ஒரு நாவல் 1892-லேயே முடிவு செய்துவிட்டது. எழுதியவர் ஜார்ஜ் ரோடன்பாக். பெல்ஜியத்துக்காரர்தான், ஆனால் புரூஜ்காரர் இல்லை. பிறந்தது தூர்னே, வளர்ந்தது கெண்ட், எழுதிப் பிழைத்தது பாரிஸ். மனைவியைப் பறிகொடுத்த ஒருவன், தன் துக்கத்துக்குத் தோதான ஊர் இதுதான் என்று தேடிவந்து புரூஜில் குடியேறுகிறான். நாவலின் பெயரே 'புரூஜ் லா மோர்த்', செத்துப்போன புரூஜ். பாரிஸின் 'ல ஃபிகாரோ' நாளிதழில் முதலில் தொடராக வந்தது. அதைப் புத்தகமாக்கும்போது ஊரின் புகைப்படங்கள் 35-ஐ நடுநடுவே சேர்த்தார்கள். நாவலுக்குள் புகைப்படம் என்பது அன்றைக்குப் புதுச் சங்கதி.

படங்களைப் புதிதாக எடுக்கவில்லை. ஊர்க்காட்சிகளை எடுத்து விற்றுவந்த பாரிஸ் நிறுவனங்களிடம் இருந்ததை வாங்கிப் போட்டார்கள். கால்வாய், கல்பாலம், மணிக்கூண்டு, மூடிய ஜன்னல்கள். பெரும்பாலான படங்களில் ஆள் நடமாட்டமே கிடையாது. உள்ளூர்க்காரர்களுக்கு வந்த எரிச்சலில் நியாயம் உண்டு. கடலை எட்டும் வழி மண்மூடிப்போய் வியாபாரத்தை இழந்திருந்த ஊர் அது. புதுத் துறைமுகம் கட்டி மறுபடி தலையெடுக்கத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் பிரெஞ்சு மொழியில் வந்து மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால்? ரோடன்பாக் இறந்தபின் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது கெண்டில்தான். துறைமுகமும் வந்தது; 1907-ல் சேபுரூஜில் திறந்தார்கள். ஆனால் உலகத்தின் மனத்தில் பதிந்தது துறைமுகம் அல்ல, அந்த ஆளில்லாத படங்கள்தான்.

இன்றும் ரோசன்ஹூட்காய் படித்துறை மூலையில் போய் நின்று பாருங்கள். கால்வாய் வளைந்து திரும்பும் இடம். தண்ணீருக்கு மேல் தொங்கும் மரம், செங்கல் வீடுகள், பின்னால் 83 மீட்டர் மணிக்கூண்டு. எல்லாவற்றையும் யாரோ சட்டத்துக்குள் அடுக்கிவைத்ததுபோல இருக்கும். கைப்பிடிச் சுவரோரம் ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்பார்கள். ஐம்பது பேரும் மற்ற நாற்பத்தொன்பது பேர் விழாத ஒரு படத்துக்காகக் காத்திருப்பார்கள். முதல் தடவை போன நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இடம் அப்படி. ஆனால் அந்தப் படத்தை எடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியோடு இரண்டாம் முறை போகும்போதுதான் ஊர் கண்ணில் படத் தொடங்குகிறது.

முதலில் படுவது வெளிச்சம். மணிக்கூண்டு அந்த மூலையிலிருந்து வடமேற்கே இருக்கிறது. காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போய் அதன் முகத்தில் விழும். சாயங்காலம் கோபுரம் கறுத்துவிடும், வானம் மட்டுமே நிறம் காட்டும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்தாகும். டிசம்பரில் ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். நம்மூர் மார்கழியின் உச்சிவெயில்கூட ஐம்பது டிகிரிக்கு மேல் நிற்கும். அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் பதினைந்து டிகிரிதான் ஏறுகிறது. குறுகிய தெருக்களில் தரைக்கு வெயிலே வராது. வீடுகளின் படிப்படியான உச்சி முகப்பில் மட்டும் மஞ்சளாக ஒரு பட்டை ஓடும், கீழே எல்லாம் நீல நிழல். கேமராவைத் தானியங்கியில் விட்டால் இரண்டில் ஒன்றைக் கெடுத்துவிடும். நான் உச்சிக்கு அளவு வைத்து, நிழலை நிழலாகவே விட்டுவிடுவேன். தெருவிளக்கும் வானமும் சம வெளிச்சத்துக்கு வருகிற அந்தி நம்மூரில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே ஜூனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம், அவசரமே இல்லை.

அடுத்து, பழசு என்று நாம் எடுத்துக் குவித்ததில் எவ்வளவு பழசு என்ற கேள்வி வரும். எல்லாரும் 'இடைக்காலப் பாலம்' என்று பதிவேற்றுகிற பொனிஃபாசியஸ் பாலம் 1910-ல் கட்டியது. மார்க்ட் சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் கோதிக் பாணியில் கூர்கூராக எழும்பி நிற்கும் மாகாண மாளிகைக்கு 1887-ல் தொடங்கிய வேலை 1921-ல்தான் முடிந்தது. அதற்குமுன் அங்கே வேறொரு கட்டடம் இருந்து எரிந்துபோனது. அதற்கும் முன்னால், கப்பல் சரக்கை உள்ளேயே இறக்குவதற்கான பெரிய தண்ணீர் மண்டபம் இருந்தது. மணிக்கூண்டும் தப்பவில்லை. அதன் தலையில் மரத்தாலான கூர்முடி இருந்தது. இடியும் தீயும் அதை ஒருமுறைக்கு மேல் தின்றன. 1741 தீக்குப் பிறகு முடியை மறுபடி வைக்கவில்லை. இன்று நாம் அழகு என்று எடுக்கிற அந்த மொட்டைத்தலை ஒரு விபத்தின் மிச்சம்.

வீட்டு முகப்புகள் சங்கதி இன்னும் சுவாரசியம். 1877 முதல், வீட்டை 'பழைய பாணியில்' செப்பனிடுபவர்களுக்கு நகராட்சியே பணம் கொடுத்தது. சுண்ணாம்புப் பூச்சை உரித்தார்கள், செங்கல்லை வெளியே காட்டினார்கள், பெரிய ஜன்னல்களை எடுத்துவிட்டுச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள் போட்டார்கள். இதைப் போலி என்று தள்ளமாட்டேன். தன் முகம் எப்படியிருக்க வேண்டும் என்று ஒரு ஊர் உட்கார்ந்து முடிவு செய்து, அதற்குச் செலவும் செய்து, நூறு வருஷம் அதைக் காப்பாற்றினால் அதுவும் சரித்திரம்தான். 2000-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்துக்குள் இந்த முகப்புகளும் அடக்கம்.

ஆனால் படம் எடுப்பவனுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. தெரிந்தபின் முகப்பைத் தள்ளிநின்று எடுக்கத் தோன்றாது, கிட்டப்போகத் தோன்றும். பல வீடுகளில் உத்தரங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் வெளியே தெரியும். சிலவற்றை எண்களாக வளைத்து வருஷத்தையே எழுதியிருப்பார்கள்: ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் ஆறும், அந்தப் பக்கம் இன்னும் இரண்டு எண்கள். நேர் வெளிச்சத்தில் அவை கறுப்புக் கோடுகள் மட்டுமே. பக்கவாட்டில் வெயில் விழும் அரைமணி நேரத்தில் ஒவ்வொரு எண்ணும் செங்கல்மேல் தன் நிழலை நீட்டும். துரு வழிந்த தடம், கலவை மாற்றிப் பூசிய இடம், எந்த வரிசைக் கல் புதிது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

அதற்கும் பிறகுதான் மனிதர்கள். பெகைன்கள் என்ற, முழுத் துறவறம் பூணாமலே கூடிவாழ்ந்த பெண்களுக்காக 1245-ல் ஏற்பட்ட வெள்ளைக் குடியிருப்பு ஒன்று உண்டு. வசந்தத்தில் அதன் புல்வெளியில் டாஃபடில் பூக்கும்போது, பூவையும் வெள்ளைச் சுவரையும் எடுக்க எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். நான் வெளியே, குதிரைத்தலை வைத்த தண்ணீர்க் குழாயடியில் நிற்பேன். சுற்றுலாக் குதிரைவண்டிகள் இளைப்பாற நிற்கும் இடம் அது. வண்டி ஓட்டிவந்த பெண் இறங்கி, வாளியில் தண்ணீர் பிடித்துக் குதிரைக்கு நீட்டுவார். அது குடிக்கும்வரை மறுகையால் சேணத்துக்கடியில் வேர்வையைத் துடைப்பார். வண்டியில் இருப்பவர்கள் அந்நேரம் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 1821-ல் தூண்கள் நிறுத்திக் கட்டிய மீன் சந்தை அதைவிட நல்ல இடம்: ஐஸ், ரப்பர் பூட்ஸ், கழுவிவிட்ட கல்தரை. ஊருக்குக் கிழக்கே செயின்ட் ஆனா பகுதியில் துணி உலர்கிறது, சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. அங்கே கோட்டை மேட்டில் 1770-ல் கட்டிய காற்றாலை இன்னும் அதே இடத்தில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் நான் எடுப்பதில்லை. ஊர் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைத் தர்ம வீடுகள் உண்டு, செல்வர்களும் தொழிற்சங்கங்களும் ஏழைகளுக்குக் கட்டிக் கொடுத்தவை. தோட்டத்துக்குள் போகலாம், தடையில்லை. ஆனால் பலவற்றில் இன்றும் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தும் லென்ஸை நீட்டுவது அநாகரிகம். தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் என்பதால் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஓர் இரவாவது தங்குங்கள். கால்வாய்ப் படகுகள் மார்ச் முதல் நவம்பர் நடுப்பகுதிவரை ஓடும். தண்ணீரில் கோபுரம் கலையாமல் விழ வேண்டும் என்பவர்கள் படகு நின்றபின் போகலாம். ஆட்கள் வேண்டும் என்பவர்கள் புதன்கிழமை காலையில் மார்க்ட் சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே சந்தை கூடுவது அன்றைக்குத்தான்.

(தொடரும்)