கூட்டு வியாபாரம்: வக்கீலிடம் எப்போது போக வேண்டும்?

நம் மஹல்லாவில் புதிதாகக் கடை திறப்பவர்கள் முதலில் இமாமை அழைத்து துஆ ஓத வைப்பார்கள். பிறகு ஆடிட்டரைப் பார்த்து ஜி.எஸ்.டி. எண் வாங்குவார்கள். பிரியாணிக் கடை, டீக்கடை என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சியின் தொழில் உரிமம் எல்லாம் வந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து முதல் போடும் கடையாக இருந்தால், அந்த இருவருக்கும் நடுவே என்ன பேச்சு என்பது மட்டும் எழுதப்படாமல் போகும். "நமக்குள்ள எதுக்கு பாய் எழுத்து?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டிவிடுவார். எழுதினாலும், பத்திர எழுத்தரிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரியில் பெயர்களை மட்டும் மாற்றி அடித்த நாலு பக்கமாக இருக்கும்.

இதன் விளைவை நாங்கள் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் பார்க்கிறோம். கணவரை இழந்த சகோதரிகள் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்டு வரும்போது, குடும்ப வருமானம் பற்றிக் கேட்போம். "அவருக்கு ஒரு கடையில பங்கு இருந்துச்சு. இப்ப மாசம் ஏதோ குடுக்கிறாங்க" என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு பங்கு, எந்தப் பத்திரம், கணக்கு பார்த்தார்களா என்றால் பதில் இருக்காது. ஜகாத் நிதியிலிருந்து உதவி பெற வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கடையில் பாதி சொந்தமாக இருக்கலாம். அதனால்தான் இந்த இதழில் வக்கீல் விஷயத்தை எழுதுகிறோம்.

மார்க்கம் இதில் நமக்குச் சாக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. குர்ஆனில் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது பேசுவதே தவணைக் கடனை எழுதிவைப்பது, எழுதுபவர் நேர்மையாக எழுதுவது, சாட்சி வைப்பது ஆகியவற்றைத்தான். எழுதக் கேட்பது சந்தேகப்படுவதாகும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கூட்டு வியாபாரத்துக்கு இந்தியாவில் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம்தான் அடிப்படை. அதன் 42-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு பார்ட்னர் இறந்ததும் அந்த நிறுவனம் கலைந்துவிடும். கடையின் ஷட்டர் திறந்திருக்கும், வியாபாரம் நடக்கும். ஆனால் சட்டத்தின் பார்வையில் பழைய கூட்டு முடிந்துவிட்டது. "ஒருவர் மவ்த்தானால் அவருடைய வாரிசு பார்ட்னராகத் தொடர்வார் என்று எங்கள் பத்திரத்தில் இருக்கிறதே" என்பீர்கள். பல பத்திரங்களில் அந்த வரி உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு நிலத்தை மேம்படுத்துவதற்காக இரண்டு பேர் சேர்ந்த கூட்டு ஒன்றில் இந்தப் பிரச்சினைதான் எழுந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது: இருவர் மட்டுமே உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும், கூட்டு கலைந்துவிடும். ஒப்பந்தத்துக்கு இரண்டு பேர் வேண்டும். மீதி இருப்பது ஒருவர்தான். வாரிசுகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. 2019-இலும் உச்ச நீதிமன்றம் இதே நிலையை எடுத்தது.

நம் பகுதிக் கடைகளில் பெரும்பாலானவை இரண்டு பேர் கூட்டுதான்: அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அல்லது வெளிநாட்டில் சம்பாதித்து முதல் போட்டவரும் இங்கே கல்லாவில் உட்காருபவரும். அவர்கள் பத்திரத்தில் வாரிசைப் பற்றி எழுதிய வரி, தேவைப்படும் நாளில் எழுதியபடி வேலை செய்யாது. பத்திர எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. தட்டச்சு செய்வதுதான் அவர் தொழில். இந்த ஓட்டையை முன்கூட்டியே பார்த்து அடைக்கத்தான் வணிக வழக்குகளில் பழகிய வக்கீல் வேண்டும். மூன்றாவதாக வயதுக்கு வந்த மகனையோ சகோதரரையோ சேர்க்கலாமா, எல்.எல்.பி. என்ற வகையில் பதிவு செய்யலாமா, அல்லது இருவராகவே இருந்து, ஒருவர் இறந்தால் அவர் பங்கை எப்படி மதிப்பிட்டு எத்தனை மாதத்துக்குள் வாரிசுகளுக்குக் கொடுப்பது என்று எழுதலாமா என்பதை அவர் யோசித்துச் சொல்வார். கடை அட்வான்ஸ் யார் பெயரில் ரசீது போட்டிருக்கிறது, சரக்கு இருப்பு, வெளியே நிற்கும் பாக்கி, கடைப் பெயருக்கு உள்ள மதிப்பு ஆகியவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்வார். சண்டை வரும்போது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் வருகிறது.

மவ்த் நடந்துவிட்ட வீடுகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. கலைந்துபோன கூட்டின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட, காலவரையறைச் சட்டம் கொடுப்பது கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். இத்தா நான்கு மாதம் பத்து நாள். அதன் பிறகு பிள்ளைகள், பள்ளிக்கூடம், மாதாமாதம் வரும் சிறு தொகை, "அவர் நல்லவர்தானே, கேட்டால் மனம் கோணுமே" என்ற தயக்கம் என்று காலம் ஓடிவிடும். கொடுப்பவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். ஆனால் அவருக்கும் மவ்த் உண்டு. அவருடைய பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. ஆகவே இத்தா முடிந்ததும், வழக்குப் போட அல்ல, கணக்கை எழுத்தில் வாங்கவாவது ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது 37-வது பிரிவைப் பற்றிக் கேளுங்கள். கணக்கு முடிக்காமல், இறந்தவரின் முதலை வைத்தே மற்றவர் வியாபாரத்தைத் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வாரிசுகள் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: அந்தப் பங்கைப் பயன்படுத்தியதால் கிடைத்த லாபம், அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. வட்டியை விலக்கி லாபத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சட்டமே திறந்துவைத்திருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் இன்னொரு சிக்கல். இங்கே நடைமுறையில் உள்ள முஸ்லிம் தனியார் சட்டப்படி, பிள்ளைகளை வளர்க்கும் உரிமை தாய்க்கு இருந்தாலும், அவர்களுடைய சொத்துக்குச் சட்டப்படியான கார்டியன் அவர் அல்ல. தந்தைக்குப் பிறகு, தந்தை நியமித்தவரோ தந்தைவழிப் பாட்டனாரோதான். அவர்களும் இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமிக்க வேண்டும். "பங்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று பிள்ளைகளுக்காகவும் தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பிற்காலத்தில் இரு தரப்புக்கும் தலைவலியாகும். கடையைத் தொடர்ந்து நடத்தும் கூட்டாளியும் தன் பாதுகாப்புக்காகவே இதை முறைப்படி செய்ய வேண்டும். யாருக்கு எட்டில் ஒன்று, யாருக்கு ஆறில் ஒன்று என்பதை ஆலிம்கள் சொல்லிவிடுவார்கள். எதைப் பங்கு போடுவது என்ற கணக்கை முதலில் வரவழைப்பதற்குத்தான் வக்கீல்.

பெயருக்கு மட்டும் மனைவியைப் பார்ட்னராகப் போடுபவர்களும் கவனியுங்கள். நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுப் பொறுப்பு என்கிறது 25-வது பிரிவு. கடை வாசலையே மிதிக்காத பெண்ணின் நகையும் வீடும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கூட்டு நிறுவனத்தை நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 69-வது பிரிவுப்படி, பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. பார்ட்னர்களும் ஒருவர் மீது ஒருவர் ஒப்பந்த உரிமை கேட்டுப் போக முடியாது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்பதற்கு மட்டும் இந்தத் தடை இல்லை. மேலே சொன்ன குடும்பங்களுக்கு அது ஒன்றே ஆறுதல்.

அடுத்து, பாக்கி வராத பிரச்சினை. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர்கள், தையல் யூனிட் வைத்திருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை செய்பவருக்கும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் அதற்கென உள்ள கவுன்சிலில் மனு கொடுக்கலாம். உத்யம் பதிவு இலவசம். அதற்கு வக்கீல் தேவையில்லை. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு. வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு உத்யம் சான்று கிடைத்தாலும் இந்தப் பாக்கிச் சலுகை கிடையாது. தாமதத்துக்குச் சட்டம் கூட்டு வட்டியும் தருகிறது. அசலை மட்டும் கேட்க விரும்பினால் மனு எழுதும் முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக் திரும்பினால் நாள் கணக்குதான் எல்லாம். வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் போட வேண்டும். "அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன் பாய்" என்ற வாக்குறுதியை நம்பி அந்த 30 நாளைத் தாண்டவிட்டால், செக் செல்லுபடியாகும் மூன்று மாதத்துக்குள் மறுபடி வங்கியில் போட்டால்தான் வழி உண்டு.

சிவில் கேஸ் பார்க்கும் வக்கீல் ஒருவர் தெரிந்தவர் இருக்கிறார், அவர் போதாதா என்று கேட்பீர்கள். சில வேலைகளுக்குப் போதும். ஆனால் 2018-இலிருந்து, 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கூட்டாண்மைப் பத்திரம், சரக்கு விற்பனை, கடைக்கான இடத்தின் ஒப்பந்தம் எல்லாம் இதில் அடங்கும். அவசரத் தடையுத்தரவு கேட்கும் வழக்கைத் தவிர மற்றதற்கு, வழக்குக்கு முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மீது ஒருவர் வழக்குப் போட்டால், சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் பதில் தாக்கல் செய்யாவிட்டால் அதற்குப் பிறகு நீதிமன்றம் பதிலை வாங்காது. சாதாரண சிவில் வழக்கில் வாய்தா வாங்கிப் பழகிய கை இங்கே சறுக்கும். ஆகவே "வணிக நீதிமன்றத்தில் நடத்தியிருக்கிறீர்களா, எத்தனை வழக்கு?" என்று வக்கீலிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடம் போக வேண்டாம். பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. மூலப் பத்திரங்களைக் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள்.

ஜமாஅத்தில் பேசி முடிப்பதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. பல தகராறுகள் அங்கே அழகாக முடிந்திருக்கின்றன. முடிந்ததை அன்றே எழுதி, இரு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பெரிய தொகையாக இருந்தால் அந்த எழுத்தை வக்கீல் ஒருவர் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுவது நல்லது. வாய்ப்பேச்சாக முடிந்த தீர்ப்பை ஒருவர் மறுத்தால் நீதிமன்றத்தில் நிறைவேற்ற முடியாது.

பட்டாபிராம் டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் கடை போடலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, கடை வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு பத்திரத்தைப் படித்துச் சொல்ல அவர் வாங்கும் தொகை, கடையின் பெயர்ப் பலகைக்கு நீங்கள் செலவிடுவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

வக்கீல் கட்டணம் கொடுக்க வழியில்லாத சகோதரிகளுக்கு: 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களும் சிறுவர்களும் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வக்கீல் பெறலாம். திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனு எழுத உதவி தேவைப்பட்டால் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கூட்டுப் பத்திரத்தின் நகல், கணவர் கடைக்குப் பணம் போட்டதைக் காட்டும் பாஸ்புக், ஜி.எஸ்.டி. சான்று ஆகியவற்றில் எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். பத்திரம் கிடைக்காவிட்டால், கணவரின் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; கூட்டாளியோடு அவர் பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் பணம் அனுப்பிய விவரங்களும் அதில்தான் இருக்கும்.