பலர் எழுதும் ஏடு

ஒருவர் எழுதிய நூலைப் பலர் படிப்பதை நாம் அறிவோம். பலர் சேர்ந்து எழுதி, பலர் சேர்ந்து திருத்தும் கணினி ஏடும் உண்டு. அதுவே விக்கி. ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் 'விரைவு' என்று பொருள். அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம் 1995-இல் முதல் விக்கியைத் தொடங்கினார்.

1990-இல் உருவான ஹாஸ்கெல் என்னும் கணினி மொழிக்கும் ஒரு விக்கி உண்டு. எந்தெந்த நிறுவனங்கள் அம்மொழியைத் தொழிலில் பயன்படுத்துகின்றன என்று கூறும் பக்கமும் அதில் இருக்கிறது. 'இதைக் கற்றால் வேலை கிடைக்குமா?' என்று ஐயுறுவோர் அத்தகைய பக்கத்தையே நாடுவர். வேண்டாத செய்திகளைத் தடுக்க ஹாஸ்கெலைப் பயன்படுத்துவதாக 2015-இல் பேஸ்புக் நிறுவனம் அறிவித்தது. இத்தகைய செய்திகளைச் சேர்ப்பது எளிது. ஆனால் ஒரு நிறுவனம் மூடப்பட்டாலோ, வேறு மொழிக்கு மாறினாலோ, அதன் பெயரை நீக்குவார் யார்? பழைய பெயரை நம்பி ஒரு மாணவி தன் படிப்பைத் தேர்ந்தெடுத்தால், பிழை யாருடையது?

ஆகவே, எழுதுவோர் ஆண்டையும் ஆதாரத்தையும் குறிக்க வேண்டும். படிப்போர் தவறு கண்டால் உடனே திருத்த வேண்டும். முந்தைய வடிவங்களும் சேமிக்கப்படுவதால், தவறாகத் திருத்தியதையும் மீட்டுவிடலாம்.

எல்லாருக்கும் உரியது என்பதாலேயே எவரும் கவனியாமல் விட்டால் நல்ல ஏடும் பாழாகும். பொதுச் சொத்தைப் பேணுவது நம் ஒவ்வொருவரின் கடமையன்றோ!